செவத்தி ஊட்டிய பச்சைக்கறி

மூங்கில் காட்டின் ஓரத்தில் ஒரு குளம் இருந்தது. குளத்துக்கு மேலே, ஒரு பாறை இடுக்கில், செவத்தி என்ற செந்நாய் தனியாக வாழ்ந்து வந்தது.

செந்நாய்கள் கூட்டமாக வாழ்பவை. செவத்தியும் முன்பு அப்படித்தான் இருந்தது. ஆனால் போன மழைக்காலத்தில் ஓடை பெருக்கெடுத்து, வளைக்குள் கிடந்த அதன் குட்டிகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. கூட்டம் வேறு காட்டுக்கு நகர்ந்தது. செவத்தி மட்டும் நகரவில்லை.

"என் குட்டிகளின் வாசனை இங்கேதான் இருக்கிறது. நீங்கள் போங்கள்" என்று சொல்லிவிட்டது.

ஒரு நாள் காலையில் அது தண்ணீர் குடிக்க இறங்கியபோது, உண்ணிச்செடிப் புதருக்கு அடியில் வெள்ளையாக ஏதோ நடுங்குவதைக் கண்டது. முயல் என்று நினைத்துப் பதுங்கியது. ஒரே பாய்ச்சல்! ஆனால் கிட்டே போனதும் திகைத்து நின்றுவிட்டது.

அந்த வெள்ளை உருண்டை குரைத்தது!

"முயல்கூடக் குரைக்குமா?" என்றது செவத்தி.

"நான் முயல் இல்லை! நாய்! என் பெயர் பொரி!"

"நாயா? இந்தக் கால்களை வைத்துக்கொண்டா?"

"எங்கள் இனமே இவ்வளவுதான்! இதற்கு மேல் வளர மாட்டோம்!" என்று பொரி கோபமாகச் சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

"அழாதே. நீ எப்படி இங்கே வந்தாய்?"

"வீட்டில் எல்லோரும் காரில் அழைத்து வந்தார்கள். இந்தப் புதரடியில் என்னை இறக்கி, 'இங்கேயே இரு' என்றார்கள். கார் போய்விட்டது. நான் இங்கேயேதான் இருக்கிறேன். ஏன் இன்னும் வரவில்லை?"

செவத்திக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் வரப்போவதில்லை. ஆனால் அதைப் பொரியிடம் சொல்ல மனம் வரவில்லை.

"வரும்வரை என்னோடு இருக்கிறாயா?" என்று கேட்டது.

பொரி அதை மேலும் கீழும் பார்த்தது. "நீங்கள் யார்?"

"நானும் நாய் வகைதான். ஆனால் எனக்குக் குரைக்க வராது. சீழ்க்கைதான் அடிப்பேன்."

செவத்தி சீழ்க்கை அடித்துக் காட்டியது. பொரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத கண்ணோடு எழுந்து, அதன் பின்னாலேயே குடுகுடுவென்று ஓடியது.

அன்று செவத்தி ஓடிய ஓட்டத்தைக் காடே வேடிக்கை பார்த்தது. குட்டிகள் போன பிறகு, தன் வயிற்றுக்காக மட்டும் அரை மனதோடு வேட்டையாடி வந்த செந்நாய் அது. இப்போது ஊட்டுவதற்கு ஒரு வாய் கிடைத்திருந்தது! ஒரு முயலைப் பிடித்து வந்து பொரியின் முன்னால் போட்டது.

"சாப்பிடு! சூடு ஆறுவதற்குள் சாப்பிடு!"

பொரி முகர்ந்து பார்த்தது. "அக்கா, இது வேகவில்லையே?"

"என்னது? வேகமில்லையா? நான் என்ன வேகத்தில் ஓடி இதைப் பிடித்தேன் தெரியுமா!"

"அந்த வேகம் இல்லை அக்கா. சட்டியில் போட்டு, தண்ணீர் ஊற்றி, அடியில் நெருப்பு மூட்டி வேக வைப்பார்களே!"

"நெருப்பா!" செவத்தியின் முதுகு மயிர் சிலிர்த்தது. காட்டுத்தீயில் ஒரு முறை அதன் வால் கருகியிருக்கிறது. அன்றிலிருந்து புகையைக் கண்டாலே அந்தப் பக்கம் போகாது.

அப்போது பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு குள்ளநரி எட்டிப் பார்த்தது. செவத்தி தின்றது போக ஏதாவது மீந்தால் அது அந்த நரிக்குத்தான்.

"நெருப்பு எதற்கு? சட்டி எதற்கு?" என்று நரி சிரித்தது. "பச்சைக்கறிதானே நாய்க்கு அசல் சாப்பாடு! தம்பி, உன் பாட்டனும் முப்பாட்டனும் அடுப்பு மூட்டியா தின்றார்கள்? ஒரு வாரம் பச்சைக்கறி தின்று பார். பல் பளபளக்கும்! மயிர் மினுங்கும்! புலி வந்தாலும் நீ ஓட மாட்டாய்!"

பொரிக்கு வெட்கமாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு துண்டைக் கடித்தது. பிறகு இன்னொரு துண்டு. ருசியாகத்தான் இருந்தது! வால் தானாக ஆடியது.

அந்த வால் ஆடியதைப் பார்த்துச் செவத்தியின் முகம் மலர்ந்த மலர்ச்சியைச் சொல்லி முடியாது.

அன்றிலிருந்து தினமும் கறிதான். பொரியின் வயிறோ சின்னது. ஒரு காடை அளவுகூடக் கொள்ளாது. மீதியைச் செவத்தி மூங்கில் நிழலில் எடுத்து வைத்து, பொழுது சாயும்போது மறுபடி ஊட்டியது. நாள் முழுதும் அதில் ஈ மொய்த்தது, எறும்பு ஏறியது. அதற்குப் பிறகும் மிஞ்சியதெல்லாம் நரிக்கு. நரி நன்றாகக் கொழுத்தது.

பொரி மெலிந்தது.

முதலில் வாந்தி எடுத்தது. மறுநாள் வயிற்றுப்போக்கு. செவத்தி பதறிப்போனது.

"நரி, இவனுக்கு என்ன ஆயிற்று? இப்படிப் போகிறதே!"

"பயப்படாதே!" என்றது நரி. "இத்தனை காலம் தின்ற சோற்றுக் கசடெல்லாம் வெளியே வருகிறது. உடம்பு சுத்தமாகிறது! இப்போது நிறுத்தினால்தான் ஆபத்து. இன்னும் நிறையக் கொடு! ஈரல் கொடு!"

செவத்தி நம்பியது. ஈரலைத் தேடிக் கொண்டுவந்தது. இளங்கறியாகப் பார்த்துக் கொண்டுவந்தது. தான் பட்டினி கிடந்து, "ஒரு வாய் வாங்கிக்கொள், என் கண்ணு இல்லையா" என்று கெஞ்சிக் கெஞ்சி ஊட்டியது. பொரியும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது.

ஒரு நாள் பொரியால் எழுந்திருக்க முடியவில்லை. கண் உள்ளே போயிருந்தது. மூக்கு காய்ந்து வெடித்திருந்தது. போக்கில் இரத்தம் கலந்திருந்தது. செவத்தி வழக்கம்போல் ஒரு துண்டை நீட்டியது. பொரி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"வேண்டாம் அக்கா. வயிற்றுக்குள் முள் குத்துவது மாதிரி இருக்கிறது. முதல் வாந்தி எடுத்த நாளிலிருந்தே அப்படித்தான்."

"பிறகு ஏன் தின்றாய்? நேற்றுகூடத் தின்றாயே!"

"நான் விழுங்கும்போது நீங்கள் சிரிப்பீர்கள்" என்றது பொரி. "நீங்கள் சிரித்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான்."

செவத்தியின் வாயிலிருந்த கறி நழுவிக் கீழே விழுந்தது. பொரியின் காதை நக்கிக்கொடுத்தது. காது அனலாகக் கொதித்தது.

"உன் வீட்டில் வயிறு சரியில்லை என்றால் என்ன கொடுப்பார்கள்?" என்று மெதுவாகக் கேட்டது.

"கஞ்சி. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவார்கள்."

கஞ்சிக்கு அடுப்பு வேண்டும். அடுப்பு இருக்கும் இடம் செவத்திக்குத் தெரியும். ஓடைக்கு அந்தப் பக்கம் வனக்காவலர் குடிசை ஒன்று இருந்தது. அங்கே தினமும் புகை எழும். செவத்தி பொரியின் பிடரியைப் பல் படாமல் கவ்விக்கொண்டு கிளம்பியது.

நரி வழியை மறித்தது.

"எங்கே போகிறாய்? மனிதர்களிடமா? கல்லால் அடிப்பார்கள்! அடிக்காவிட்டாலும் இவனைத் திருப்பித் தர மாட்டார்கள். நீ மறுபடியும் தனிமரம்தான். நன்றாக யோசி!"

செவத்தி நின்றது. தனிமரம் என்று நரி சொன்னது உண்மை என்று அதற்குத் தெரியும். பொரியைப் புல்லின் மேல் மெல்லக் கிடத்திவிட்டுச் சொன்னது:

"இவன் யாரிடமாவது உயிரோடு இருக்கட்டும். வழியை விடு!"

நரி ஒதுங்கியது. செவத்தி பொரியை மறுபடி கவ்விக்கொண்டு நடந்தது.

குடிசை வாசலில் ரங்கி என்ற பெண் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் காளன் வனக்காவலர். அவன் விறகு பிளந்துகொண்டிருந்தான். காற்று திரும்பிப் புகை ஓடையைத் தாண்டி வந்தது. செவத்தியின் கருகிய வால் கால்களுக்கு நடுவே போனது. ஆனாலும் தண்ணீரில் இறங்கியது. அக்கரை ஏறியது. துணி துவைக்கும் கல்லின் மேல் பொரியை வைத்தது. பிறகு தலையை உயர்த்தி ஒரு சீழ்க்கை அடித்தது.

"ஐயையோ, செந்நாய்!" என்று கத்திய ரங்கி கொள்ளிக்கட்டையைத் தூக்கினாள்.

காளன் கோடாரியோடு ஓடி வந்தான். "வெரட்டு புள்ள! கடிக்க வந்திருக்கு!"

செவத்தி ஓடவில்லை. கொள்ளி நுனியில் நெருப்பு நின்று எரிவதைப் பார்த்தபடி அப்படியே நின்றது.

ரங்கி கல்லைப் பார்த்தாள். கட்டை மெல்லத் தாழ்ந்தது.

"கடிக்க வந்தது எங்கியாச்சும் குட்டியக் கொண்டாந்து கல்லு மேல வெக்குமா? இங்க பாருங்க, இது வீட்டு நாயி. உசுரு ஊசலாடுது! மாட்டு டாக்டருக்குப் போன் போடுங்க!"

அவள் பொரியை முந்தானையில் சுருட்டி எடுத்துக்கொண்டாள். செவத்தி ஓடையைக் கடந்து மூங்கில் புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

டாக்டர் ஜீப்பில் வந்தார். ஊசி போட்டார். காலில் குழாய் செருகி மருந்துத் தண்ணீர் ஏற்றினார்.

பல்லிடுக்கில் ஒட்டியிருந்த துணுக்கைப் பார்த்துவிட்டு, "பச்சைக்கறி தின்னுருக்கான்" என்றார். "பச்சைக்கறியில கண்ணுக்குத் தெரியாத கிருமி இருக்கும், புழு முட்டை இருக்கும். வெயில்ல கெடந்தா இன்னும் பெருகும். இத்தனூண்டு உடம்பு, ரெண்டு நாள் வயித்தால போனாலே வத்திப்போயிரும்."

"காட்டுல செந்நாயெல்லாம் பச்சையாத்தானுங்களே தின்னுது?" என்று காளன் கேட்டான்.

"அதுக்கும் நோவு வரும்ப்பா. காட்டுல செத்து விழுறதை நாம எங்க பாக்குறோம்? அதோட, செந்நாய் அடிச்ச கையோட தின்னு தீத்துரும். வீட்டுல அடுப்பு இருக்கு. அப்புறம் எதுக்கு இவனுக்கு அந்த வம்பு? பிழைச்சு எழுந்தா, கறிய நல்லா வேக வெச்சு, எலும்பை எடுத்துட்டு, சோத்தோட பிசைஞ்சு குடுங்க. உப்பு, மிளகாய், வெங்காயம் கூடாது. பச்சைக்கறி தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. இல்லேன்னா நோவு உங்களுக்கும் ஒட்டிக்கும்."

மூங்கிலுக்குள் கிடந்த செவத்தி எல்லாவற்றையும் கேட்டது. 'என் கையாலேயே...' என்று நினைத்து முகத்தைக் கால்களுக்குள் புதைத்துக்கொண்டது. ஆனால் அங்கிருந்து போகவில்லை. பொரி முதல் வாய்க் கஞ்சியை நக்கியதைப் பார்த்தது. கால் தடுமாறி எழுந்து நின்றதைப் பார்த்தது. ஒரு நாள் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடியதையும் பார்த்தது. அன்றுதான் அது வயிறாரத் தண்ணீர் குடித்தது.

பொரி நேராக ஓடைக் கரைக்கு வந்தது. "அக்கா! நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்! வாசனை வருகிறது!"

செவத்தி வெளியே வந்தது. "என் மேல் கோபமா?"

"எதற்குக் கோபம்? வலிக்கிறது என்று நான்தானே சொல்லாமல் இருந்தேன். நான் அங்கே வந்துவிடட்டுமா?"

வா என்று சொல்லச் செவத்தியின் நாக்கு துடித்தது. குளக்கரைப் பாறை, வெறும் இடுக்கு, யாரும் இல்லாத பகல்கள் எல்லாம் அதன் கண்ணுக்குள் வந்து போயின.

"வேண்டாம்டா கண்ணு" என்றது. "எனக்கு அடுப்பு மூட்டத் தெரியாது. நீ அங்கேயே இரு."

மறுநாள் விடிந்ததும் ரங்கி தண்ணீர் எடுக்க வந்தாள். துவைக்கும் கல்லின் மேல், அப்போதுதான் பிடித்த முயலின் தொடை ஒன்று இருந்தது. அக்கரையில் செவத்தி உட்கார்ந்திருந்தது.

ரங்கி இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "டேய் குட்டி! ஒங்காத்தா சீர் கொண்டாந்திருக்கா, வந்து பாரு!"

கறியைக் கழுவினாள். சட்டியில் போட்டு, உள்வரை வேகும்படி நன்றாகக் கொதிக்கவிட்டாள். எலும்பைப் பிரித்தெடுத்துவிட்டுச் சோற்றோடு பிசைந்து ஆறவைத்தாள். புகை ஓடையைத் தாண்டி வந்தது. செவத்திக்கு மூக்கு எரிந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

நரி மெல்ல வந்து பக்கத்தில் நின்றது. "நல்ல கறியை நெருப்பில் போட்டுப் பாழாக்குகிறார்களே! நீ கேட்கக் கூடாதா? என் பங்கும் போயிற்றே!"

"சத்தம் போடாதே" என்றது செவத்தி. "பிள்ளை சாப்பிடுகிறான்."

நமக்கு ருசிப்பதை எல்லாம் ஊட்டுவது அன்பு ஆகாது. அந்தச் சின்ன உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்து ஊட்டுவதே அன்பு.