மாரிக்கனி மூக்குல ஒரு காவக்காரன்

'ம்' கொட்டிக்கிட்டே கேளு. ஒரு ஊர்ல ஒரு மொளகாப்பொடி மில்லு. அங்க அரைக்கிறவ பேரு மாரிக்கனி. அவ மூக்கு வாசல்ல ஒரு குட்டிக் காவக்காரன் இருந்தான். தூசி வந்தா மட்டும் 'அச்'னு வெளிய தள்ளுவான். பூ வாசம் வந்தா, "வாங்க, வாங்க"ம்பான்.

ம்.

ஒருநாள் அவசரத்துல மூக்குல துணி கட்டாம, அரைச்ச பொடிய எட்டிப் பாத்துட்டா. புஸ்ஸுன்னு நெடி ஏறி, வாசலெல்லாம் எரிஞ்சு புண்ணாப் போச்சு. காவக்காரன் அரண்டுட்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே? அப்புறம் எது வந்தாலும் அவனுக்கு மொளகாதான்.

ம்.

அப்போ தங்கச்சி ராசகனிக்கு நிச்சயம் வந்துது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தட்டு மாத்தக் கை நீட்டினாங்க. தங்கச்சி தலையில மல்லிகப்பூ. அச்!

ஒத்தத் தும்மல் ஆகாதே. தட்டக் கீழ வச்சு, தண்ணி குடிச்சு, பூவ எடுத்துட்டு மறுபடி நீட்டினாங்க. யாரோ சாம்பிராணி போட்டாங்க. அச்!

"இன்னொரு தரம் தும்முனா சாமிக்கே இஷ்டமில்ல. நாங்க கெளம்பிருவோம்"னார் மாப்பிள்ளையோட பெரியப்பா.

மாரிக்கனி எந்திரிச்சா. "நான் கொல்லப்பக்கம் போயிடுறேன், ராசு."

"நீ இல்லாம தட்டு மாறாது. உக்காருக்கா."

உக்காந்தா. மூக்க இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. அப்போ மாப்பிள்ளையோட அம்மா தட்டோட கிட்ட வந்தாங்க, பவுடர் வாசம் கமகமன்னு. பிடிச்ச கையையும் மீறி, அச்!

பெரியப்பா எந்திரிச்சுத் துண்ட படார்னு உதறினார். அதுலருந்து தூசி பறந்துது. மாப்பிள்ளையோட அம்மாவுக்கு அ... அ... அச்!

"ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. ரெட்டத் தும்மல் நல்ல சகுனம். உக்காருங்க அத்தான்"னாங்க அந்தம்மா. பெரியப்பா உக்காந்துட்டார். தட்டும் மாறிடுச்சு.

ம்...

அப்புறம் அந்தம்மா மாரிக்கனி காதுல, "எனக்கும் மில்லு மூக்குதான் தாயி, நானும் பொடி அரைச்சவ. துணி கட்டாம பொடி பக்கம் போகாத. புண்ண ஆறவிட்டா காவக்காரன் தானா அடங்குவான்"னாங்க. அப்படியே செஞ்சா. புண்ணும் மெல்ல மெல்ல ஆறுச்சு.

கல்யாணத்தன்னிக்குத் தங்கச்சி தலை நெறைய மல்லிக. காவக்காரன் கதவ லேசாத் தொறந்தான். மோந்து பாத்தான். "அட, நீதானா? உள்ள போ"ன்னுட்டு, சொவத்துல சாஞ்சு கண்ண மூடிட்டான்.

'ம்' சத்தத்தையே காணோம். உன் காவக்காரனும் தூங்கிட்டான் போல. கதையும் தூங்கிருச்சு, நீயும் தூங்கு.