பந்தி முடியாமல் எழுந்திருக்கலாமா?

கடவுள் அறிவைப் பங்கு வைத்த அன்று கீழமடையூர்க்காரர்கள் வரவில்லை. ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஊரில் பந்தியில் உட்கார்ந்துவிட்டால், கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும் வரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தவன் வீட்டில் மூன்று தலைமுறைக்கு யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். வேறு எதில் கோட்டை விட்டாலும் இதில் மட்டும் அவர்கள் பிசகவே மாட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து கொம்பையா, அவருடைய தம்பி மாசானம், மைத்துனன் பெரும்படையான் மூவரும் விமானத்தில் புனேவுக்குக் கிளம்பினார்கள். கொம்பையாவின் அக்காள் மகள் செண்பகவல்லிக்கு அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அங்கே கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டால்தான் அவள் மணவறை ஏற முடியும். அந்த மாலை தெர்மோகோல் பெட்டியில் மாசானத்தின் மடியில் இருந்தது. சீர் அதிரசம் ஒரு தூக்குவாளி நிறையப் பெரும்படையான் கையில் இருந்தது.

“மாமா, தூத்துக்குடியில ஏறி சென்னையில இறங்குங்க. அங்க சாப்பிட்டுட்டு ரெண்டு மணி பிளைட்ல ஏறிருங்க. அதை விட்டா நாளைக்குத்தான்” என்று செண்பகவல்லி போனில் பத்துத் தடவை சொல்லியிருந்தாள்.

சென்னையில் ஒழுங்காகவே இறங்கினார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் நீளமாக ஒரே மேஜை, வரிசையாக நாற்காலிகள். பந்தியைப் பார்த்ததும் மூவருக்கும் வயிறு குளிர்ந்தது.

பொங்கலைச் சாப்பிட்டு முடித்தபோது மணி ஒன்று. வரிசைக் கடைசியில் ஒருவர் லேப்டாப்பைப் பார்த்தபடி நூடுல்ஸை இழை இழையாக இழுத்துக்கொண்டிருந்தார். காத்திருந்தார்கள். அவர் எழுந்ததும் அந்த இடத்தில் ஓர் அம்மாள் தயிர்சாதத்தோடு வந்து உட்கார்ந்தார். அவர் முடிப்பதற்குள் இந்தப் பக்கம் ஒரு குடும்பமே வந்து உட்கார்ந்தது.

“அண்ணே, வந்துக்கிட்டே இருக்காங்களே. இது முடியுற பந்தியாத் தெரியலையே” என்றான் மாசானம்.

“அத்தான், காலி நாற்காலியில மாலைப் பெட்டியை வச்சிட்டா? புதுசா யாரும் உக்கார முடியாதுல்லா” என்றான் பெரும்படையான்.

கொம்பையாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “பசிச்சு வந்தவனை உக்காராதேங்கியா? நீ சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கியா?”

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி மூவர் பெயரையும் கடித்துத் துப்பியது.

“அண்ணே, நம்மளைத்தான் கூப்பிடுதாங்க. இதுதான் கடைசித் தடவையாம்.”

“கூப்பிடட்டும். நம்ம ஊர்லயும் வேன்காரன் ஆரன் அடிக்கத்தான் செய்வான். அதுக்காவ பாதிப் பந்தியில எந்திரிச்சிருக்கோமா?”

சொன்னாரே ஒழிய, கொம்பையாவின் கண் கலங்கிவிட்டது. தோளில் தூக்கி வளர்த்த மருமகள், மாலைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பாள். பாவம், மனிதர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஒருவழியாகக் கூட்டம் கலைந்தது. கடைசியில், தோளில் தங்கப் பட்டை வைத்த வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் அரக்கப்பரக்க வந்து நான்கு இட்லியை விழுங்கினார். அவர் கை கழுவினார், இவர்களும் கழுவினார்கள். அவர் ஓட, இவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். முட்டாளின் அதிர்ஷ்டத்தை என்ன சொல்ல! வேறொரு விமானத்திலிருந்து தாமதமாக வந்து சேர்ந்த அவர்தான் புனே விமானத்தை ஓட்டவேண்டியவர்.

“எத்தனை தடவை சார் கூப்பிடுறது?” என்று வாசலில் நின்ற பெண் சீறினாள்.

“ஓட்டுறவரே இப்பத்தானேம்மா கை கழுவுனாரு” என்றார் கொம்பையா.

விமானத்தில் எல்லோருக்கும் அட்டைப் பெட்டியில் சாப்பாடு கொடுத்தார்கள். புனேவில் இறங்கி நின்றதும் மற்றவர்கள் எல்லோரும் முட்டிமோதி எழுந்தார்கள். பாதிப் பேர் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. நம்மவர்கள் மூவரும் அசையவில்லை. “வளர்ப்பு சரியில்லை” என்று கொம்பையா தலையில் அடித்துக்கொண்டார். விமானம் காலியானது.

“நீங்க இறங்கலையா ஐயா?” என்று கேட்டாள் பணிப்பெண். நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை.

“நீ சாப்பிட்டியா தாயி?”

அவள் திகைத்துப்போனாள். வேலைக்குச் சேர்ந்த நான்கு வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. “இல்லைய்யா. காலையில இருந்து நேரமே கிடைக்கலை.”

“பரிமாறுனவங்க பசியோட நிக்கையில பந்தி எப்படி முடியும்? உக்காரு.”

அவளை உட்காரவைத்து, மற்ற பணியாளர்களையும், விமானம் ஓட்டியவரையும் இழுத்து வந்து உட்காரவைத்து, மூவரும் தூக்குவாளி காலியாகும் வரை அதிரசம் பரிமாறினார்கள். ஓட்டியவர் மூன்று சாப்பிட்டார். எல்லோரும் கை துடைத்ததும் கொம்பையா நிம்மதியாக மாலைப் பெட்டியோடு வாசலுக்கு வந்து, படியில் ஒரு காலை வைத்தார். போன் அடித்தது. செண்பகவல்லிதான்.

“இந்தா இறங்குதோம் தாயி. பந்தி இப்பத்தான் முடிஞ்சுது.”

“சீக்கிரம் வாங்க மாமா! நீங்க வராம சாப்பிட மாட்டோம்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முந்நூறு பேரும் பசியோட காத்திருக்காங்க.”

கொம்பையா படியில் வைத்த காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

“என்னண்ணே?”

“முந்நூறு பேரு இன்னும் சாப்பிடலையாம்டே. போய் உக்காரு.”

மூவரும் திரும்பிப் போய்ப் பழைய இடத்திலேயே உட்கார்ந்து, பெல்ட்டையும் மாட்டிக்கொண்டார்கள்.