பச்சை வட்டம்

“ஜனங்களுக்கு எத்தனை தடவைதான் சொல்லித் தர்றது, டீச்சர்?”

வந்ததும் வராததுமாகக் கேட்டான் செல்வின். செல்போன் கம்பெனியில் திரை வடிவமைப்பவன்.

தாஹிரா போன் பழுதுபார்ப்பவள். அவனைவிடப் பத்து வயது இளையவள். கெட்டிக்காரர்கள் செய்கிற பிழையெல்லாம் கடைசியில் அவள் மேஜைக்குத்தான் வந்து சேரும். அதனால் கெட்டிக்காரர்களே அவளிடம் பாடம் கேட்க வருவார்கள்.

“போன் வந்தா பச்சை வட்டத்தை மேல இழுக்கணும். அவ்வளவுதான். எல்லாரும் அதைக் குத்திக்கிட்டே இருக்காங்களாம். குத்தினா எப்படி எடுக்கும்?”

“இழுக்கணும்னு எங்க போட்டிருக்கு?”

“முன்ன ஒரு அம்புக்குறி இருந்துச்சு. அசிங்கமா இருக்குன்னு நான்தான் எடுத்தேன். முதல் நாளே படம் போட்டுக் காட்டிடுறோமே!”

“முதல் நாள் போன் யாரு கையில இருக்கும், அண்ணே?”

“வாங்கினவங்க கையில.”

“சிம் போட்டுக் கொடுக்கிறவங்க கையில,” என்றாள்.

செல்வின் பையிலிருந்து ஒரு போனை எடுத்து மேஜையில் வைத்தான்.

“அம்மாவோடது. எங்க கம்பெனி போன்தான். உள்ள இருக்கிறதையெல்லாம் அழிச்சுக் கொடுங்க. மகளுக்குத் தரணும்.”

அம்மா போய்ப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஊரை விட்டு வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவளிடம் அவன் ஒருநாள் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டான். பிறகு மனசு கேட்காமல் புதுப் போன் வாங்கிக் கூரியரில் அனுப்பினான். பக்கத்து வீட்டுக்காரர் சிம் போட்டுக் கொடுத்தார்.

“தினம் கூப்பிட்டேன். அடிச்சு அடிச்சு நின்னு போகும். பக்கத்து வீட்டுல கேட்டா, நல்லாத்தான் இருக்காங்கன்னாங்க. அப்புறம் ஒரு நாள் தூக்கத்துலயே...”

போனை அவள் பக்கமாக நகர்த்தினான்.

“கோபம் தீராமலே போயிட்டாங்க, டீச்சர்.”

அந்த நினைப்புதான் அவனைப் பத்து நாளாகத் தின்றுகொண்டிருந்தது.

தாஹிரா போனை மேஜை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்தாள். கண்ணாடியில் மெல்ல மூச்சு விட்டாள்.

விரல் தடங்கள் தெரிந்தன. பச்சை வட்டம் வருகிற இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக, எண்ண முடியாதபடி. மேல்நோக்கி ஒரு கோடுகூட இல்லை.

அந்த இடம் எது என்று செல்வினுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“எத்தனை நாள் கூப்பிட்டீங்க?”

“பதினாறு நாள்.”

“பதினாறு நாளும் எடுத்திருக்காங்க, அண்ணே.”