முறத்துடுப்பு

காயல்நாட்டை ஆண்ட அலைவேந்தருக்குப் பக்கத்து நாடான தீவநாட்டோடு ஆண்டுதோறும் படகுப் போட்டி. தோற்ற நாட்டு மீனவர்கள் அடுத்த ஓராண்டு காயலில் வலை போடக் கூடாது. அலைவேந்தர் தொடர்ந்து இரண்டு முறை தோற்றிருந்தார்.

அமைச்சர் காரிக்கண்ணர் காரணம் கண்டுபிடித்தார். அவர் வாழ்நாளில் துடுப்பைத் தொட்டவர் அல்லர்.

"மன்னா, துடுப்பின் இலை ஒல்லியாக இருக்கிறது. அகலமாக்கினால் தண்ணீரை நிறையத் தள்ளும். படகு பறக்கும்!"

முறம் அகலத்துக்கு இலை வைத்து இருபது துடுப்புகள் செய்தார்கள். படகு பறக்கவில்லை, ஊர்ந்தது.

"இன்னும் அகலம் போதவில்லை" என்றார் அமைச்சர்.

அகலமாக்கினார்கள். படகு இன்னும் மெதுவாகப் போனது. அதற்கும் அமைச்சரிடம் அதே மருந்துதான் இருந்தது. கடைசியில் ஒவ்வொரு இலையிலும் மன்னர் முகத்தைச் செதுக்கித் தங்கமுலாம் பூசினார். அதன் பிறகு துடுப்பைக் குறை சொன்னால் மன்னரையே குறை சொன்னதாகும், நாடு கடத்தப்படுவார்கள் என்று முரசறைந்தார்கள்.

போட்டிக்குப் பொறுப்பாக அரசவை விகடர் விடங்கனை நியமித்தார் மன்னர். விடங்கன் படகுத்துறைக்குப் போனான். இருபது படகோட்டிகளும் தோளில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா ஓரி, எப்படி இருக்கிறது?" என்று தலைவனைக் கேட்டான்.

"துடுப்பு பிரமாதம் ஐயா. எங்கள் தோள்தான் சரியில்லை" என்றான் ஓரி, பக்கத்தில் நின்ற காவலனைப் பார்த்தபடி.

விடங்கனே ஒன்றை வாங்கிப் போட்டுப் பார்த்தான். முதல் இழுப்பில் தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. இரண்டாவதில் துடுப்பு கையிலேயே நடுங்கியது. தூக்கினால் காற்று அதைப் பாய்போலப் பிடித்தது. பத்தாவது இழுப்புக்குள் மூச்சு வாங்கியது. பிறகு ஓரியின் பழைய துடுப்பை எடுத்தான். நீளமான ஒல்லி இலை, சரிவான நுனி. சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கியது. நூறு முறை இழுத்தும் கை சோரவில்லை.

காவலன் நகர்ந்ததும் ஓரி தணிந்த குரலில் சொன்னான்: "இந்த முறையும் தோற்றால் எங்கள் தெருவில் அடுப்பு எரியாது ஐயா."

விடங்கன் இரவெல்லாம் கணக்குப் போட்டான். வாய் திறந்தால் நாடு போகும், மூடினால் காயல் போகும். மறுநாள் விடிந்ததும் தங்கத் துடுப்புகள் இருபதையும் பட்டுத்துணியில் சுற்றித் தீவநாட்டு அரசருக்குப் பரிசாக அனுப்பினான். கூடவே ஒரு மடல்: 'எங்கள் மன்னரின் அன்புப் பரிசு. இவற்றைத் தூக்க உங்கள் ஆட்களுக்குத் தெம்பு போதாது என்று இங்கே சிலர் பேசிக்கொள்கிறார்கள். நான் நம்பவில்லை.'

தீவநாட்டு அரசருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்தத் துடுப்போடுதான் போகவேண்டும்!" என்று தன் ஆட்களுக்கு ஆணையிட்டார்.

போட்டி நாளில் ஓரியின் படகு பழைய துடுப்புகளோடு அம்பாய்ப் பாய்ந்தது. பின்னால், வெகு பின்னால், அலைவேந்தரின் இருபது தங்க முகங்கள் தண்ணீரில் முங்கி முங்கி எழுந்தன. தீவநாட்டுப் படகு பாதி வழியில் நின்றேவிட்டது. கரையில் மீனவப் பெண்கள் குலவையிட்டார்கள்.

"துரோகம்!" என்று குதித்தார் காரிக்கண்ணர். "மன்னா, இவன் என் துடுப்புகளை எதிரிக்குக் கொடுத்துவிட்டான்!"

மன்னரின் முகம் சிவந்தது. "விடங்கா, அந்தத் துடுப்பில் என்ன குறை கண்டாய்?"

"குறையா? ஐயையோ! அமைச்சர் துடுப்பால்தானே மன்னா வென்றோம்? அது எந்தப் படகில் இருந்தது என்பதெல்லாம் சின்ன விஷயம்."

மன்னர் காயல் பக்கம் திரும்பினார். எதிரே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தன் முகங்களைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்ன பரிசு வேண்டும், கேள்!"

விடங்கன் பணிவாகக் கைகட்டினான்.

"அடுத்த ஆண்டும் நாம் வெல்லவேண்டும் மன்னா. இந்த முறை அமைச்சரையே தீவநாட்டுக்குப் பரிசாக அனுப்பிவிடலாமே?"