ஆய்வாளர் இல்லாத ஆய்வு

புத்திசாலிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் பாட்டுக்கு இருக்கட்டும். பூலாங்காட்டுப்புதூர் பைபாஸில் நாச்சிமுத்து கம்பெனியில் இருந்த நாலு பேரைப் போல ஆட்கள் கிடைப்பதுதான் அபூர்வம்.

முதலாளி நாச்சிமுத்து. பவுடர் அடைக்கப் பொங்கியண்ணன், சிலிண்டர் தூக்கச் சென்னியப்பன், நோட்டு எழுத ரங்கநாயகி. மில் சுவர்களில் தொங்குகிற சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர்களைக் கழற்றி வந்து, பழைய பவுடரைக் கொட்டிப் புதுசு அடைத்துத் திரும்ப மாட்டுவது அவர்கள் தொழில். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள், அதுதான் தொல்லை. "பிள்ளைங்க கைக்கு எட்டாத உயரத்துல மாட்டுங்க" என்று ஒரு பள்ளிக்கூடத்தில் சொல்லப் போக, தென்னைமரத்தில் ஏறி மாட்டிவிட்டு வந்தவர்கள்.

அந்த வருஷம் பெரிய நூல் மில்லிலிருந்து கடிதம் வந்தது. இனிமேல் சிலிண்டர் பராமரிக்கிற கம்பெனியை, அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு வெளி அமைப்பு நேரில் வந்து பார்த்துச் சான்றிதழ் தர வேண்டுமாம். ஒன்றாம் தேதிக்குள் சான்றிதழ் இல்லையென்றால் மில் கேட்டுக்குள் கால் வைக்க முடியாது. அந்த ஒரு மில்லை நம்பித்தான் நாலு குடும்பமும் இருந்தது. நாச்சிமுத்துவுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

"நம்ம வேலை நமக்குத் தெரியாதுங்களா? எதுக்குங்ணா வெளியாளு?" என்று கேட்டான் பொங்கியண்ணன்.

"நம்மள நாமளே நல்லவன்னு சொன்னா ஆரு நம்புவா? நம்மளத் தெரியாத ஆளு பாத்துச் சொல்லோணும்."

"நம்மளத் தெரியாத ஆளு நம்ம கம்பெனிக்கு எப்படிங்ணா வழி கண்டுபிடிப்பாரு?"

இதை மூன்று நாள் யோசித்தார்கள். நாலாம் நாள் அப்படியொரு வெளி அமைப்பிலிருந்து ஆய்வாளர் ஏகாம்பரம் தானாகவே வழி கண்டுபிடித்து வந்து சேர்ந்தார். ஒல்லியான ஆள், கையில் ஒரு ஃபைல். நாச்சிமுத்து மாலையோடும் இளநீரோடும் ஓடினார்.

"அதெல்லாம் வேண்டாம்" என்று ஆய்வாளர் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் ஒருத்தன் இங்க இல்லவே இல்லைன்னு நினைச்சுக்குங்க. கிளம்பற வரைக்கும் என்னைக் கண்டுக்காதீங்க. எப்பவும் போல வேலையைப் பாருங்க."

நாச்சிமுத்து மற்ற மூவரையும் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "காதுல விழுந்துச்சா? இதுதான் பரீட்சை. ஆபீசர் இங்க இல்ல. ஆராச்சும் மறந்துபோய்ப் பாத்தீங்க, சான்றிதழ் போச்சு!"

அதன்பின் அவர்கள் கண்ணுக்கு ஆய்வாளர் தெரியவே இல்லை. குடிக்க ஆளில்லாத இளநீரைப் பொங்கியண்ணன் குடித்தான். ரங்கநாயகி காலி நாற்காலியைப் பார்த்து, அடுக்கி வைத்திருந்த நோட்டுகளை எல்லாம் அதில் வைத்தாள். அவை ஏகாம்பரத்தின் மடியில் உட்கார்ந்தன. சென்னியப்பன் ஈரத்துண்டை உதறி அவர் தலையில் காயப் போட்டான்.

"இந்த சிலிண்டரை எடை போட்டீங்களா?" என்று துண்டுக்குள்ளிருந்து கேள்வி வந்தது. போட்டிருந்தார்கள், இரண்டு தடவை. பதில் நாச்சிமுத்துவின் தொண்டை வரை வந்துவிட்டது. பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினார்.

மத்தியானம் ஃபேனை நிறுத்தி, ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு நாலு பேரும் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். திரும்பி வந்தபோது உள்ளேயிருந்து ஷட்டர் தடதடவென்று அதிர்ந்தது.

"காத்து" என்றார் நாச்சிமுத்து.

சாயங்காலம் சென்னியப்பன் இரும்பு அறுத்தபோது பொறி பறந்து, துடைக்கிற பஞ்சு மூட்டையில் விழுந்தது. முதலில் பார்த்தவர் ஏகாம்பரம். "தீ! தீ!" என்று கத்தினார்.

"தீன்னு ஒரு சத்தம் கேட்டுச்சுங்ணா" என்றாள் ரங்கநாயகி.

"ஆரு சொன்னது, அம்மிணி?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"ஆருமில்லீங்."

"ஆருமே சொல்லாததுக்கு எப்படி ஓடறது? தகவல் கொடுத்தவர்னு நோட்டுல கட்டம் இருக்குதே, ஆரு பேர எழுதுவ?"

இது நியாயமான கேள்விதான் என்று எல்லோரும் நின்று யோசித்தார்கள். அதற்குள் புகை வந்து ரங்கநாயகிக்கு இருமல் பிடித்தது. அவளே திரும்பிப் பார்த்து "தீ!" என்றாள். தன் பேரை எழுதிக்கொண்டாள். அப்புறம் பார்க்க வேண்டுமே அவர்கள் வேலையை! பாதுகாப்புப் பின்னைப் பிடுங்கி, குழாயை நீட்டி, தீயின் அடியில் குறி வைத்து, இருந்த ஆறு சிலிண்டரையும் அடித்துத் தீர்த்தார்கள். நடுவில் ஏகாம்பரம் நின்றிருந்தார். இல்லாத ஆளைச் சுற்றிக்கொண்டு யார் அடிப்பார்கள்? நேராகவே அடித்தார்கள். தீ அணைந்தது. ஏகாம்பரம் தலையிலிருந்து செருப்பு வரை வெள்ளையாகிவிட்டார்.

வாயில் போன பவுடரைத் துப்பிவிட்டு, "நான் கிளம்பறேன்யா!" என்று அலறிக்கொண்டு வெளியே ஓடினார். ரோடு வரைக்கும் போனபிறகுதான் ஃபைல் ஞாபகம் வந்தது. திரும்பி வந்தார்.

வாசலிலேயே நாச்சிமுத்து மாலையைப் போட்டுவிட்டார். "வாங்க சார், வாங்க! ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்திருக்கப்படாதா? என்ன ஒரு தீ! எப்படி அணைச்சோம்! பாக்கத்தான் வெளியாளு ஒருத்தர்கூட இல்லாமப் போச்சு." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நல்ல வேலை யார் கண்ணிலும் படாமல் வீணாகப் போனால் யாருக்குத்தான் வருத்தமாக இருக்காது?

"ஏனுங்ணா, இன்னொருக்கா பத்த வெச்சாப் போச்சு" என்றான் பொங்கியண்ணன். ஆய்வாளர் வாயைத் திறப்பதற்குள் தீக்குச்சியைக் கிழித்து மிச்சப் பஞ்சில் போட்டான்.

சென்னியப்பன் சிலிண்டரை எடுத்து அமுக்கினான். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. "அண்ணா, ஆறும் காலிங்! பவுடர் பூராவும் சார் மேலதான் இருக்குது!"

நாலு பேரும் திரும்பி ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள். பிறகு ஆளுக்கொரு கையோ காலோ பிடித்து, தூக்கித் தீக்கு மேலே உதறினார்கள்.

"அடியில குறி வெச்சு உதறுங்க!" என்றார் நாச்சிமுத்து.

"ஐயோ, விடுங்கய்யா! சான்றிதழ் இப்பவே தர்றேன்!" என்று கதறினார் ஏகாம்பரம்.

நாச்சிமுத்து பிடித்த காலை விடவில்லை. "அது முறையில்லீங்க சார். வேலைய முழுசாப் பாத்துட்டுக் குடுங்க."