முதலில் குடித்த ஒட்டகம்

இதை எனக்கு முதலில் சொன்னது என் மதினி உம்மு சல்மா. என் இரண்டாவது மகன் வயிற்றில் இருந்த ரமலான் அது. மதினியின் வீட்டுக்காரர் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு துறைமுகத்தில் கேட்டு வந்தாராம்.

அந்தக் காலத்தில் ஒட்டகத்துக்கும் வாய்ப்பேச்சு இருந்தது. மாலி ராஜ்ஜியத்தில் தங்கம் கிடைத்தது, உப்புதான் இல்லை. பாலைவனத்துக்கு அந்தப் பக்கம் பாறையாகக் கிடக்கும் உப்பைப் பலகை பலகையாக வெட்டி, ஒட்டகத்தின் மேல் ஏற்றி வருவார்கள். கடைசிப் பத்து நாள் வழியில் ஒரு கிணறும் கிடையாது. அதனால் முன்னால் ஒரு தூது போகும். சேதி கிடைத்ததும் எல்லை ஊர்க்காரர்கள் தோல்பைகளில் தண்ணீரோடு எதிரே வருவார்கள்.

அங்கே ஒரு வழக்கம். தூது வந்தவர் சேதியைச் சொன்ன பிறகுதான் தண்ணீரில் வாய் வைக்கவேண்டும். வந்ததுமே குடித்தால், பின்னால் யாரும் இல்லை என்று அர்த்தம்.

ஒரு முறை முப்பது பேரோடு உப்பு ஏற்றி வந்த யாத்தின் என்ற வியாபாரி, தன் பெண் ஒட்டகம் தமல்லாவையே தூது அனுப்பினான். அவளுடைய பால்குடிக் குட்டி அவனிடம் நின்றது.

"குட்டியைப் பார்த்துக்கோ. நீ பாட்டு மட்டும் பாடாதே, பயந்துடும்," என்றாள் தமல்லா.

"போடி வாயாடி! ஆறு நாளைக்குத்தான் தண்ணீர் இருக்கு. யாரோடும் கதை பேசிக்கிட்டு நிற்காதே."

மூன்று நாள் ஓடி ஊர்ப் பக்கம் வந்தாள். தொட்டித் தண்ணீரின் வாசனை மூக்கில் ஏறியது. தலை தானாகவே குனிந்துவிட்டது.

தண்ணீர் இறைக்கிற சிரா சிரித்தாள். "தோல்பையைக் கீழே வையுங்கப்பா! மகராசி தனியாத்தான் வந்திருக்கா."

தமல்லாவுக்குக் காதில் விழுந்தது. இன்னும் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். வயிறு நிறைந்ததும் முழங்கால் மடிந்தது, கண் சொருகியது.

விழித்தபோது மறுநாள் வெயில் முதுகில் சுட்டது. "ஐயோ, என் குட்டி! யாத்தின்! முப்பது பேர் வர்றாங்க!" என்று அலறினாள்.

"அடிப்பாவி, நேற்றே ஏன் சொல்லலே?" சிரா தலையில் அடித்துக்கொண்டாள். தமல்லா முன்னால் ஓட, ஆட்கள் தண்ணீரோடு பின்னால் ஓடினார்கள்.

போய்ச் சேர்ந்தபோது ஒரு நாள் பிந்திவிட்டது. உப்புப் பலகைகள் மட்டும் வெயிலில் வெள்ளையாக நின்றன. யாத்தின் தலைப்பாகையை அவிழ்த்துக் குட்டிக்கு நிழல் கட்டியிருந்தான். அங்கே யாருக்கும் மூச்சில்லை.

தமல்லா குட்டியின் பக்கத்தில் மண்டியிட்டாள். அதன் பேரைச் சொல்ல வாயைத் திறந்தாள். தொண்டையிலிருந்து ஒரு முனகல்தான் வந்தது. அல்லாஹ் பேச்சை எடுத்துக்கொண்டானா, அவளே வேண்டாமென்று விட்டாளா, மதினிக்கும் தெரியவில்லை.

அன்று முதல்தான், சுமை ஏற்ற மண்டியிட வைக்கும்போதெல்லாம் ஒட்டகம் வாயைத் திறந்து அப்படி முனகுகிறது.

இதைக் கேட்ட நீங்கள், இன்றைக்குத் தண்ணீரில்லாத வழியில் நடக்கிறவர்களுக்காக ஒரு துஆ செய்யுங்கள்.