பூவையின் பெயரைக் கூவிய நாள்

பெரியவர்களே, இப்படிச் சற்றுத் தள்ளி உட்காருங்கள். பிள்ளைகளே, நீங்கள் முன்னால் வாருங்கள். எண்ணெய் விளக்கைத் தவிர வேறு விளக்கை யாரும் பார்த்திராத காலத்தில் நடந்த கதை இது.

ஆற்றங்கரையில் நெல்லிமேடு என்றொரு நகரம். அதை ஒரு ராஜா ஆண்டார். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பன்னிரண்டு வயது நிறைந்த பிள்ளைகள் தை மாதத்தில் ஒருநாள் ராஜாவின் முன்னால் ஏதாவது ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். செய்து காட்டினால், முரசுக்காரர் சாத்தன் முரசை அறைந்து அந்தப் பிள்ளையின் பெயரை மூன்று முறை கூவுவார். அன்று முதல் அது ஊரின் பிள்ளை. பெற்றவர்கள் இறந்தாலும் ஊர் அதற்குச் சோறு போடும், கூரை போடும்.

பெயர் கூவப்படாத பிள்ளைக்குப் பெற்றவர்கள் மட்டும்தான். அவர்களுக்குப் பிறகு யாரும் இல்லை.

அந்த ஊரில் செக்கு ஆட்டி எண்ணெய் விற்ற மருதனுக்கும் அவன் மனைவி வெள்ளைச்சிக்கும் ஒரே மகள், பூவை. அவள் பேசமாட்டாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பெரிய சத்தம் கேட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். கதையின் முடிவில் பேசிவிடுவாள் என்று காத்திருக்காதீர்கள். கடைசி வரைக்கும் பேசமாட்டாள்.

ஆனால் ஒன்றை வெள்ளைச்சி கவனித்தாள். மருதன் எள்ளைப் புடைத்துவிட்டு வரும்போது தூசி அடைத்து இருமுவான். அப்போது மட்டும் பூவை நிமிர்ந்து பார்ப்பாள்.

'தண்ணீர் கொண்டு வா' என்ற சொல் அவளிடம் போய்ச் சேரவில்லை. அந்த இருமல் போய்ச் சேர்ந்தது.

ஆகவே அந்த இருமலைப் பிடித்துக்கொண்டு வெள்ளைச்சி கற்றுக்கொடுக்கத் தொடங்கினாள். சொம்பைப் பிடிக்க ஒரு வருஷம். பானையில் மொள்ள ஒரு வருஷம். தூக்கிக்கொண்டு நடக்க ஒரு வருஷம். தண்ணீர் சிந்தினால் அந்த வீட்டில் யாரும் திட்டவில்லை. "மறுபடியும், தங்கம்" என்பாள் வெள்ளைச்சி. பூவை பானைக்குத் திரும்புவாள்.

மருதன் ஒருநாளும் விளையாட்டுக்காக இருமியதில்லை. "தாகம் இல்லாம இருமினா, பிறகு அவ எதைத்தான் நம்புவா?" என்பான்.

பூவைக்குப் பன்னிரண்டு வயது நிறைந்தது.

"ஏன்டி வெள்ளைச்சி, ஊரே சிரிக்கவா கூட்டிட்டுப் போற?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"எம் மக நடக்கிறதை ஊர் பார்க்கட்டும்க்கா" என்றாள் வெள்ளைச்சி.

தை மாதத்து அந்த நாளில், ராஜா அமர்ந்திருந்த மைதானத்தில் முதல் பிள்ளை, அமைச்சரின் மகன், நீண்ட பாட்டொன்றைத் தடங்கல் இல்லாமல் பாடினான். இரண்டாவது பிள்ளை தொங்கிய மாங்காயை அம்பால் வீழ்த்தினாள். மூன்றாவது பிள்ளை நெற்குவியலைப் பார்த்தே அளவு சொன்னான். இப்படியே ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொரு முறையும் முரசு முழங்கியது. ஒவ்வொரு முறையும் சாத்தன் கூவினார். பூவை தூரத்து வேப்பமர நிழலில் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அவள் முறை வந்தது. முரசு ஓய்ந்திருந்தது. பானையை நடுவில் வைத்தார்கள். சொம்பைக் கையில் கொடுத்தார்கள்.

"பெண்ணே, ராஜாவுக்குத் தண்ணீர் கொண்டு வா" என்றார் அமைச்சர்.

பூவை பானைக்குள் ஆடும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமைச்சர் இரண்டாம் முறை சொன்னார். மூன்றாம் முறை அதட்டினார். அவள் அசையவில்லை.

"செக்குக்காரர் தன் மக காதுலயும் எண்ணெயை ஊத்திட்டாரு போல!" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்தது.

மருதன் மனைவியின் காதருகே குனிந்தான். "ஒரே ஒரு இருமல், புள்ள. இருமிடறேன். பேரைக் கூவிருவாங்க. நாம போன பிறகு அவளுக்குச் சோறு கிடைக்கும்."

வெள்ளைச்சி அவன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தாகமா?"

"இல்ல."

"அப்போ வேணாங்க. இத்தனை நாளா அவகிட்ட பொய் சொல்லல. இன்னைக்கும் வேணாம்."

மருதன் வாயை மூடிக்கொண்டான். மகளின் வருங்காலத்தையே மூடிவிட்டோமோ என்று நினைத்தான்.

"போதும். அடுத்த பெயர்!" என்றார் அமைச்சர்.

கூப்பிடுவதற்காகச் சாத்தன் வாயைத் திறந்தார். காலையிலிருந்து கூவிய தொண்டை. குரல் வரவில்லை. இருமல்தான் வந்தது.

பூவை நிமிர்ந்தாள்.

மொண்டாள். நடந்தாள். பாதி வழியில் தண்ணீர் முழுவதும் சிந்திவிட்டது. கூட்டம் சிரித்தது. அவள் பானைக்குத் திரும்பினாள். மறுபடியும் மொண்டாள், மறுபடியும் சிந்தியது. சிலர்தான் சிரித்தார்கள். மூன்றாம் முறை யாரும் சிரிக்கவில்லை. சொம்பு தங்கள் கையில் இருப்பதுபோல் பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் ராஜாவைத் தாண்டிப் போனாள். சாத்தனிடம் சொம்பை நீட்டினாள். அரைச் சொம்புத் தண்ணீர் இருந்தது. அவர் குடித்தார்.

"ராஜாவை விட்டுவிட்டு முரசுக்காரனுக்கா?" என்று சீறினார் அமைச்சர்.

"அம்மா, உன் மகளுக்கு ராஜா யாரென்று தெரியாதா?" என்று கேட்டார் ராஜா.

வெள்ளைச்சி நிமிர்ந்து நின்றாள். "தெரியாதுங்க மகாராஜா. தாகம் யாருக்குன்னு தெரியும்."

"இதைக் கற்க எவ்வளவு காலம்?" என்றார் அமைச்சர்.

"மூணு வருஷம்ங்க."

"மூன்று வருஷமா! என் மகனுக்கு ஒருமுறை கேட்டாலே பாட்டு வந்துவிடும்."

"உங்க மகன் வாசல்லேருந்து தெருவுக்கு வந்திருக்காருங்க, அழகா வந்திருக்காரு. எம் மக மலையைத் தாண்டி வந்திருக்கா."



"இவன் தொண்டை வறண்டதைக் காலையிலிருந்து நானும் பார்க்கவில்லை, நீரும் பார்க்கவில்லை, அமைச்சரே" என்றார் ராஜா. "சாத்தா, கூவு."

சாத்தன் முரசுக்கோலை ஓங்கினார். பூவை சொம்பைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்தினாள். அதைப் பார்த்த சாத்தன் கோலைத் தரையில் வைத்தார். முரசு இல்லாமல், நனைந்த தொண்டையால் கூவினார்.

"பூவை! பூவை! பூவை!"

அக்கரையில் துணி துவைத்தவர்களுக்கும் அது கேட்டது.

பூவை திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் மருதன் அழுதான். அழுகை தொண்டையை அடைக்க, இருமினான். உண்மையான இருமல். பூவை சொம்பை எடுத்துக்கொண்டு பானைக்குப் போனாள்.

ஒரு சொம்புத் தண்ணீரும் தூக்க முடியாத பிள்ளை என்ன செய்யும் என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். அன்று வெள்ளைச்சியும் ராஜாவிடம் அதைத்தான் கேட்டாள். அடுத்த தையிலிருந்து நெல்லிமேட்டில் எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் முதலில் கூவினார்கள். வேலை காட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே கேளுங்கள்: ஒரு பிள்ளை வந்த தூரத்தை, அது புறப்பட்ட இடத்திலிருந்துதான் அளக்க வேண்டும்.